லீக்ஸ் பாத்திக்குக் கீழே ஒரு சதுப்பு

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கள் பக்கத்து ஈரநிலங்களைக் காட்ட மூன்று மாதமாகக் கட்டிக்கொண்டிருந்த வரைபடத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தை அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன பாப்பா, லீக்ஸ் தோட்டமெல்லாம் நீலமா பூசி வச்சிருக்க?" என்றார். சரியாக அந்த இடத்தில்தான் எனக்கும் தலைவலி. நீலம் என்றால் ஈரநிலம். அங்கே இருப்பதோ லீக்ஸ், கரட், கொஞ்சம் கோவா. "அது தப்புப்பா, கணினி மாதிரி (மொடல்) தப்பா காட்டுது, சரி பண்ணணும்" என்றேன். அவர் போனை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார். "யாரு சொன்னா தப்புன்னு? இது நான் கான் வெட்டுன எடம்." கான் என்றால் தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்கால்.

அப்பா சொன்னது பிடிபட எனக்கு ரெண்டு நாள் ஆனது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் முதலில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியாப் பக்கம், நானுஓயாவுக்குக் கீழே. இந்தப் பக்கம் ஈரநிலம் என்று யாரிடமாவது கேட்டால் கிரகரி வாவியைக் காட்டுவார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஹோட்டன் சமவெளியைச் சொல்வார்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 1990இல், அந்தப் பட்டியலில் நம் நாட்டின் ஆறு இடங்கள் இருக்கின்றன, புந்தல முதல் வங்காலை, வில்பத்து வரை. ஒன்றுகூட மலையகத்தில் இல்லை. இத்தனைக்கும் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து தண்ணீர் போகிறது, அங்கே குள்ள மூங்கில் அடர்ந்த உளைக்குள் மரை நின்று மேய்வதை யாரும் பார்க்கலாம். நான் தேடியது அந்தப் பெரிய இடங்களையும் அல்ல. ரெண்டு தேயிலை மலைக்கு நடுவில், இருபது முப்பது மீற்றர் அகலத்தில், கோரையும் வல்லாரையும் காட்டுச் சேம்புமாகக் கிடக்கும் அந்தச் சேற்றுப் பள்ளங்களை. அப்பாயி வல்லாரை பறிக்கப் போவது அங்கேதான், நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் பீலிக்கு, அதாவது தண்ணீர்க் குழாய்க்கு, தண்ணீர் வருவதும் அப்படி ஒரு பள்ளத்தின் தலைமாட்டில் இருக்கும் ஊற்றிலிருந்துதான். சிங்களத்தில் இதற்குத் தெனிய என்று ஒரு சொல்லே இருக்கிறது, மேடுகளுக்கு நடுவே நீர் நிற்கும் தாழ்ந்த நிலம், பெரும்பாலும் வயலாக்கியிருப்பார்கள். பேராதனையின் சிங்களப் பெயர் முடிவதும் அந்தச் சொல்லில்தான். நாலு வருடம் அங்கே புவியியல் படித்தேன், ஒரு நாளும் அது என் மண்டையில் ஏறவில்லை.

சரி, எல்லாரும் தொடங்குகிற மாதிரி நானும் இருக்கிற படங்களைத் திறந்து பார்த்துத்தான் தொடங்கினேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு ஆய்வு மையம் லேண்ட்சாட் செய்மதிப் படங்களை வைத்து, 1984இலிருந்து உலகில் எங்கெங்கே மேற்பரப்பு நீர் இருந்தது என்று 30 மீற்றர் கட்டங்களாகப் போட்டு வைத்திருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். நம் மலையகத்தை அதில் பார்த்தால் நீலமாகத் தெரிவதெல்லாம் மவுசாகலை, காசல்ரீ, கொத்மலை, கிரகரி வாவி. அத்தனையும் மனிதன் மறித்துக் கட்டியவை! கிரகரி வாவிகூட 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் கட்டியது, அதற்கு முன் அந்த இடமே சதுப்புதான். சதுப்பு இருந்தவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அதை மூழ்கடித்த பிறகு நீலமாகிவிட்டது. மவுசாகலை ஓரத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், வந்து போகும் நீர் என்று அர்த்தம். வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியுமே, அந்த ஓரம். இதைப் பார்த்துக்கொண்டே ஒரு பின்னேரம் போய்விட்டது, வேலை நகரவில்லை.

பிறகு நானே கணக்குப் போடலாம் என்று சென்டினல்-2 என்ற செய்மதியின் படங்களை எடுத்தேன். பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பையும் வைத்து ஒரு நீர்ச் சுட்டி உண்டு, என்டிடபிள்யூஐ என்பார்கள், 1996இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. திறந்த நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதனால் வாவி பளிச்சென்று பிரிந்து நிற்கும். ஆனால் எங்கள் பள்ளங்களில் திறந்த நீர் எங்கே இருக்கிறது? மேலே கோரை. செய்மதிக்கு அது செழிப்பான புல், அவ்வளவுதான். காலுக்குக் கீழே ஒரு முழம் சேறு இருப்பது மேலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? இருந்தும் அந்தச் சுட்டி எனக்கு நிறைய 'நீர்' காட்டியது, எல்லாம் மேக நிழலும் செங்குத்துப் பாறை நிழலும். சென்டினல்-2 காலை பத்தரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் போகிறது, ஜனவரியில் அந்த நேரம் சூரியன் தென்கிழக்கில் நிற்பதால் வடமேற்குப் பக்கம் பார்த்த செங்குத்துச் சரிவெல்லாம் மங்கிப் போகும். நிழலும் கறுப்பு, நீரும் கறுப்பு. பத்தரை மணி என்பதில் ஒரு சின்ன அதிர்ஷ்டமும் உண்டு, நுவரெலியாவில் மேகம் கூடுவது பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு. அப்படியும் வருடம் முழுக்கத் தேடினால் கைக்கு வருவது பெப்ரவரி, மார்ச்சில் நாலைந்து சுத்தமான படம். அதாவது சதுப்பு காய்ந்து கிடக்கிற காலத்துப் படம்.

மேகம் பிரச்சினை என்றால் ராடர் போடு என்பார்கள். போட்டேன். சென்டினல்-1 என்ற ராடர் செய்மதி அனுப்பும் அலை ஐந்தரை சென்டிமீற்றர் சொச்சம் நீளம், மேகத்தைத் துளைத்துப் போகும், இரவும் பகலும் ஒன்றுதான் அதற்கு. சமதரையில் வெள்ளம் பார்க்க அதைப்போல் ஒன்றுமில்லை, மட்டக்களப்பில் வயல் மூழ்கியதை அதில் பார்த்தால் அப்படியே கறுப்பாக விழும். மலையில் கதை வேறு. ராடர் சாய்வாகப் பார்க்கும் கருவி, அதனால் அதைப் பார்த்து நிற்கும் சரிவெல்லாம் வெள்ளையாகச் சுருங்கிப் பள்ளத்தின் மேல் சாய்ந்துவிடும், மறுபக்கச் சரிவு இருட்டில் கிடக்கும். இடையில் இருக்கும் இருபத்தைந்து மீற்றர் சதுப்புக்கு ஒன்றோ ரெண்டோ பிக்சல்தான் மிஞ்சும், அதுவும் புள்ளி புள்ளியாக இரைச்சல். இரைச்சலைக் குறைக்கப் பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் சதுப்பே கரைந்து போகும். ரெண்டு வாரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தலைகீழாக யோசித்தேன். தண்ணீரைத் தேடுவதை விட்டு, தண்ணீர் எங்கே தங்கியே ஆகவேண்டும் என்று பார்த்தால் என்ன? அதற்கு நிறம் வேண்டாம், தரையின் வடிவம் போதும். 1979இல் பெவன், கேர்க்பி என்ற ரெண்டு பேர் எழுதிய ஒரு சுட்டி உண்டு. ஓர் இடத்துக்கு மேலே எவ்வளவு மலையின் தண்ணீர் அந்த இடத்தின் வழியாக வடிகிறது என்பதை, அந்த இடத்தின் சாய்வால் வகுத்து, இயற்கை மடக்கை எடுப்பது. கேட்கத்தான் பயமாக இருக்கும், வேலை சின்னது: வரவு எவ்வளவு, வெளியே போக வழி எவ்வளவு. எங்கள் மலையின் நடுச்சரிவில் ஒரு 30 மீற்றர் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அரை ஹெக்டேயர் தேயிலை, சாய்வு 25 பாகை. சுட்டி கிட்டத்தட்ட 5.9 வரும். அதே மலையின் அடியில் இன்னொரு கட்டம், மேலே 10 ஹெக்டேயர், சாய்வு 2 பாகை. அங்கே 11.5. மடக்கை எண் என்பதால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது, உண்மையில் உள்ளே இருக்கும் எண் 250 மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. முதல் இடத்தில் மழை விட்டு ஒரு மணி நேரத்தில் செருப்போடு நடக்கலாம், ரெண்டாவது இடத்தில் செருப்பு உள்ளேயே நின்றுவிடும்.

வடிவம் போதும் என்று சொன்னேனே, அந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கூத்து. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி எடுத்த உயரத் தரவு இருக்கிறது, 30 மீற்றர் கட்டம். எனக்கு அது போதாது. தேடியபோது அலோஸ் பால்சார் என்ற ஜப்பானிய செய்மதி ராடரின் பெயரில் 12.5 மீற்றர் உயரத் தரவு கிடைத்தது. ஆஹா என்று இறக்கி, மூன்று வாரம் அதில் உட்கார்ந்து வேலை செய்தேன். பிறகு ஒரு நாள் ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் மேடு பள்ளமெல்லாம் ஒரே மாதிரி! விளக்கக் குறிப்பை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். அந்த 12.5 மீற்றர் தரவு தனியாக அளந்தது இல்லை, அதே பழைய விண்ணோடத் தரவைச் சின்னக் கட்டங்களாக நறுக்கி வைத்தது, ராடர் படத்தின் கோணலைத் திருத்துவதற்காகக் கூடவே கொடுத்தது. ஒரு ரொட்டியை எட்டாக வெட்டினால் எட்டு ரொட்டி ஆகுமா? இதை இங்கே எழுதுவதே, இன்னும் யாராவது அந்த 12.5ஐப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாமல் இருக்கத்தான்.

கடைசியில் கோப்பர்நிக்கஸ் உயரத் தரவுக்கு வந்தேன். அதுவும் 30 மீற்றர்தான், ஆனால் 2011 முதல் 2015 வரை டான்டெம்-எக்ஸ் செய்மதிகள் அளந்தது, எங்கள் பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஒரே சிக்கல், இந்தத் தரவுகளெல்லாம் தரையை அல்ல, மேலே எது நிற்கிறதோ அதை அளப்பவை. பள்ளத்துக்குக் குறுக்கே டர்பன்டைன் மரம் வரிசையாக நின்றால் கணினிக்கு அது இருபது மீற்றர் அணைக்கட்டு. மேலேயிருந்து ஓடி வரும் ஓடை அங்கே முட்டி நின்று, பின்னால் ஒரு கற்பனைக் குளம் கட்டிவிடும். பள்ளங்களை நிரப்பு என்று மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு, அதைத் தட்டினால் குளம் மறைந்து ஒரு தட்டையான மைதானம் வரும், தட்டை என்றால் சாய்வு இல்லை, சாய்வு இல்லையென்றால் சுட்டி வானத்துக்கு ஏறும், ஊரே ஈரநிலம். நிரப்பாமல் மரவரிசையை வெட்டி வழிவிடும் முறையைப் போட்ட பிறகுதான் படம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. மரத்தையும் கட்டிடத்தையும் கழித்துத் தரும் தரவு ஒன்றும் 2022இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்துப் பார்த்தேன், பெரிய காட்டுக்கு நல்லது, எங்கள் ஒற்றை வரிசை மரங்களுக்குப் பாதிதான் கேட்டது.

இடையில் ஒரு உதவி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஜனவரியில் எங்கள் பக்கம் உறைபனி விழும், விடிந்து பார்த்தால் பள்ளத்தில் இருக்கும் கொழுந்து மட்டும் கருகிப் போயிருக்கும், மேட்டில் ஒன்றும் ஆகியிருக்காது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் அது தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதாவது பனி உட்காரும் இடத்தின் வரைபடமும் நீர் தங்கும் இடத்தின் வரைபடமும் முக்கால்வாசி ஒன்றுதான். எந்த நம்பர் மலையில் எந்த மூலை கருகும் என்று கங்காணிமாரிடம் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்கள். அந்த மூலைகளிலிருந்துதான் களத்தில் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். செருப்பைக் கழற்றி, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் தடவி, போனில் புள்ளி வைத்து, ஈரம், ஈரமில்லை என்று எழுதிக்கொண்டு வருவேன்.

அந்தப் புள்ளிகளையும் சென்டினல்-2இன் நிறங்களையும் உயரத் தரவிலிருந்து வந்த சுட்டிகளையும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறைக்குக் கொடுத்தேன், நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை வளர்த்து வாக்கெடுப்பு நடத்துகிற மாதிரி ஒன்று அது. முதல் தடவை வந்த துல்லியத்தைப் பார்த்துத் துள்ளிவிட்டேன். துள்ளியிருக்கக் கூடாது. ஒரே பள்ளத்தில் பத்தடிக்கு ஒன்றாக எடுத்த புள்ளிகளில் பாதியைப் படிக்கக் கொடுத்து மீதியில் பரீட்சை வைத்தால், கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்த கதைதான். ஒரு பள்ளத்தை முழுதாக மறைத்துவைத்து, மற்றப் பள்ளங்களில் படித்ததை வைத்து அதைச் சொல் என்றதும் துல்லியம் சரேலென்று இறங்கியது. இறங்கிய எண்தான் உண்மையான எண். அந்தப் பிழைகளில் பாதிக்கு மேல் விழுந்த இடம், அப்பா பார்த்துக் கேட்ட அதே லீக்ஸ் தோட்டம். வடிவம் ஈரம் என்கிறது, நிறம் காய்ந்த மண் என்கிறது, மாதிரி ரெண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறது.

அப்பா படத்தைப் பார்த்த மறுநாள் அவரும் நானும் மம்பட்டியோடு அங்கே போனோம். அந்தத் துண்டில் இப்போது பயிர் செய்வது பக்கத்து லயத்து மாமா. ரெண்டு பாத்திக்கு நடுவில் வெட்டச் சொன்னார், செடியில் படாமல். முதல் ஒரு சாண் பழுப்பு மண், எருவும் சேர்ந்து பொலபொலவென்று. அதற்குக் கீழே மம்பட்டி இறங்கிய சத்தமே மாறியது, சொதக் என்று. கறுப்பு, நார் நாராக, கையில் எடுத்துப் பிழிந்தால் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர். இன்னும் ஒரு சாண் கீழே நீலச்சாம்பல் களி, அதில் பழைய வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த கம்பி மாதிரி செம்மஞ்சள் கோடு. மண்ணில் நீர் நின்று காற்று புகாமல் போனால் இரும்பு நிறம் விட்டுக் கரையும், மண் சாம்பலாகும். வேர்த்துளை வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்த இடத்தில் மட்டும் மறுபடி துருவாகப் படியும். இது ரெண்டு மூன்று மழையில் வருவதில்லை, நீரை வடித்த பிறகும் சீக்கிரம் போவதில்லை. குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் அடியில் அரை அடி தண்ணீர் ஊறி நின்றது.

எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தில் சொல்லி அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் கான் வெட்டினார்களாம், அப்பாவோடு இன்னும் ஏழெட்டுப் பேர். "அதுக்கு முந்தி புல்லுக்காடுன்னு சொல்லுவோம் பாப்பா, கால வச்சா முழங்கால் வரைக்கும் போயிரும், மாடு ஒன்னு எறங்கி ஏற முடியாம செத்துப் போச்சு." கான் வெட்டிய பிறகு ஓரத்தில் டர்பன்டைன் நட்டார்கள், நடுவில் மரக்கறி வந்தது. கீழ் லயத்துப் பீலி மாசி பங்குனியில் நூலாக ஒழுகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பது அப்பாவின் கட்சி. மரம் குடித்ததா, கான் வடித்ததா, மழை குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் குழியைப் பார்த்த பிறகு அவரோடு வாதாடவும் மனம் வரவில்லை.

ஆக, மாதிரி பிழை செய்யவில்லை, நான்தான் தப்பான கேள்வி கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வகையை ரெண்டிலிருந்து மூன்றாக்கினேன். வடிவமும் நிறமும் சேர்ந்து ஈரம் என்றால் 'இருக்கும் சதுப்பு'. வடிவம் ஈரம், நிறம் காய்ந்த மண் என்றால் 'இருந்த சதுப்பு'. மற்றதெல்லாம் மேடு. இதிலும் ஓட்டை உண்டு, மரவரிசையால் உண்டாகும் பொய்க் குளங்களும் ரெண்டாம் வகைக்குள் வந்து விழும், அதனால் மம்பட்டி இல்லாமல் எதையும் நம்பக் கூடாது. இதுவரை ஒன்பது இடத்தில் குழி வெட்டியிருக்கிறேன். ஆறில் சாம்பல் களி. ரெண்டில் வெறும் செம்மண், மரம் செய்த வேலை. ஒன்றில் பாறை.

குழியை மூடும்போது மாமா கேட்டார், "பாப்பா, இத யாருக்குக் குடுக்கப் போற?" சும்மா கேட்ட மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்தத் துண்டு நிலத்துக்கு அவரிடம் ஒரு காகிதமும் இல்லை, வாய்வார்த்தையில் வந்தது, வாய்வார்த்தையில் போகவும் கூடியது. படத்தில் சதுப்பு என்று நீலம் அடித்து யாராவது மேசையில் வைத்தால் முதலில் எழுப்பப்படுவது கான் வெட்டச் சொன்னவர்களா, லீக்ஸ் நட்டவரா? எனக்கு உடனே பதில் வரவில்லை. "யாருக்கும் இல்ல மாமா, சும்மா படிக்கத்தான்" என்றேன், அவர் தலையாட்டிவிட்டு லீக்ஸ் நாலு பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

இப்போதைக்குக் கோப்பு ரெண்டு பிரதியாக இருக்கிறது. நண்பர்களுக்கு அனுப்பும் பிரதியில் 'இருந்த சதுப்பு' இல்லை, இருப்பவை மட்டும். அப்பாவுக்கு அச்சடித்துக் கொடுத்ததில் மூன்று வகையும் இருக்கிறது. அவர் அதில் சிவப்புப் பேனாவால் இன்னும் ரெண்டு வட்டம் போட்டு வைத்திருக்கிறார், ரெண்டும் என் மாதிரி மேடு என்று சொன்ன இடங்கள். ஒன்று, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுச் செல்லும் பழைய பிள்ளைமடுவத்துக்குப் பின்னால். பெப்ரவரியில் லீவு கிடைத்ததும் போய் வெட்டிப் பார்க்க வேண்டும்.